முந்தி உலை வைக்காதவள்

தோணி கரைக்கு வருமுன் தண்டல் வீட்டு அக்கா அடுப்புப் பற்ற வைக்க மாட்டாள். மற்ற வீடுகளில் அப்படி இல்லை. "தீவுக்கு அந்தப் பக்கம் பாய் தெரியுது" என்று யாராவது ஒரு சத்தம் கொடுத்தால் போதும், எங்கள் தெரு முழுக்க அம்மிச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். தேங்காய் உடைபடும். நல்ல மீனாகப் பார்த்து வாங்க ஆள் ஓடும். அக்கா வீட்டு அம்மி மட்டும் கழுவித் துடைத்தபடி சும்மா கிடக்கும். சத்தம் கொடுத்தவனை அவள் ஒன்றுதான் கேட்பாள்.

"கண்ணால பாத்தியாலே?"

"இல்லக்கா, அந்தோணியார் கெபிகிட்ட நின்னவுக சொன்னாக."

"சரி. பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் புருஷன் அந்தத் தோணியின் தண்டல். கொழும்புக்கு வெங்காயமும் மிளகாய் வற்றலும் ஏற்றிப் போகும் பாய்மரத் தோணி அது. பாயை ஏற்று, இறக்கு என்று சொல்லுகிறவர் அவர். கூடப் போகும் ஆறு பேருடைய உயிருக்கும் அவர்தான் பொறுப்பு. அப்பேர்ப்பட்ட மனிதர் வீட்டுக்கு வந்து, குளித்து, கைலி மாற்றிக்கொண்டு பசியோடு வாசலில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அப்போதுதான் மிளகாய் அரைபடும்.

"கொழும்புல இருந்து நல்ல காத்து அடிச்சா ஒரே ஓட்டமா வந்துருவேன். இந்த அம்மியில இருந்து சட்டிக்கு வார வழிதான் எனக்குத் தூரம்" என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்லுவார்.

உள்ளே இருந்து பதில் வரும். "வந்த பொறவுதான் அரைப்பேன். வாரதுக்கு முன்னாடி உலைய வச்சா, ஆண்டவரே சோறு ஆறுது, சீக்கிரம் கொண்டாந்து விடும்னு அவர வெரட்டுத மாதிரி இருக்கும்."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரு. எனக்கு வயிறு காயுது."

"இருங்க. காத்துக்குன்னா நடுக்கடல்ல நாள் கணக்கா இருக்கத் தெரியுது. சோத்துக்கு இருக்க முடியாதோ?"

தெருவே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

நான் அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது புதுத் துறைமுகத்துக்குக் கல் அடித்துக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் அதே தோணியில் ஆள். கல்யாணம் முடிந்து மாதம் ஒன்று திரும்புமுன் அவர் கொழும்புக்கு நடை போய்விட்டார். வருகிற நாள் தாண்டிப் போயிற்று. நான் சாப்பிடாமல் கிடந்தேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து, "நாளைக்கு வந்துருவாக, அழாதளா" என்று தேற்றினார்கள். மறுநாளும் வரவில்லை. அதற்கும் மறுநாள் அவர்களே வந்து, "நாளைக்கு நிச்சயம்" என்றார்கள். தண்டல் வீட்டு அக்காவுக்குத்தான் சரியாகத் தெரியும் என்று அவளிடம் ஓடினேன்.

"எப்ப வருவாகக்கா?"

"தெரியாதுளா" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொன்னால் இவளுக்கு என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நாளைக்கு வாராகன்னு சொல்லுத அவுகளுக்கும் தெரியாது. தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காருல்ல, அவருகிட்டக் கேட்டாச்சு. இனி இருப்போம்."

"இருந்துக்கிட்டே இருக்கணுமாக்கா?"

"வேற என்ன செய்யப் போற? கடல்ல எறங்கி நடக்கப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்டேன். பிறகு சில நாளில் தோணியும் வந்தது. அந்த நாளில் இருந்து எனக்கு எது என்றாலும் அந்த வீட்டுக்குப் போவதே வழக்கமாகிவிட்டது.

எதைக் கேட்டாலும் அவளுக்கு அதே பதில்தான். குழாயில் தண்ணீர் எப்போது வரும்? தெரியாது. ரேஷனில் சீனி போடுவானா? தெரியாது. அவளுக்குப் பிள்ளை இல்லை. வேளாங்கண்ணிக்குப் போ, கொழும்பில் ஒரு கோயில் இருக்கிறதாம், அங்கே நேர்ந்துகொள் என்று ஆளுக்கு ஒரு வழி சொல்லுவார்கள். "நல்லா வேண்டிக்கிட்டா அடுத்த வருசம் தொட்டில் கட்டிரலாம்" என்று ஒருத்தி ஒருமுறை சொன்னபோது, அக்கா சட்டியைத் தேய்த்துக்கொண்டே, "வேண்டியாச்சு. தொட்டில் கட்டுததும் கட்டாததும் அவரு பாடு. நான் கேட்டத அவரு மறக்கல. மறக்க அவரென்ன நம்ம தோணி முதலாளியா?" என்றாள்.

அவளிடம் கெட்டியான பக்தி இருந்தது, ஆனால் அதில் அலங்காரம் இல்லை. கோயிலில் முன்வரிசையில் உட்கார மாட்டாள். அழுது ஜெபிக்க மாட்டாள். ஜெபத்தில் அவள் குரல் உரக்கக் கேட்கிற இடம் ஒன்றுதான், அது கடற்கரை. தோணி புறப்படும்போது ஆட்களின் வீட்டுப் பெண்கள் கரையில் நிற்போம். தண்டலின் மனைவிதான் மாதாவை வேண்டும் மங்கள வார்த்தைச் செபத்தைத் தொடங்க வேண்டும். நாங்கள் மறுபாதியைச் சொல்லுவோம். அது முடிகிறவரைக்கும் நங்கூரம் தூக்க மாட்டார்கள். சேலைத் தலைப்பு காற்றில் அடிக்க, முட்டளவு தண்ணீரில் நின்று அவள் தொடங்குகிற குரல் தோணி வரைக்கும் கேட்கும். முடிந்ததும் தண்டல் அங்கே இருந்து கையைத் தூக்குவார். அவள் பதிலுக்குக் கை தூக்க மாட்டாள். தண்ணீரை விட்டு ஏறி, சேலையைப் பிழிந்துவிட்டு வீட்டுக்கு நடப்பாள்.

அந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் போன நடை திரும்பவில்லை.

கொழும்பில் இருந்து தோணி புறப்பட்டது நிச்சயம். புறப்பட்ட அன்றைக்கு மறுநாளே வாடைக்காற்று புயலாக மாறியது. எங்கள் ஊரிலேயே ஓலைக் கூரைகள் பறந்தன, உப்பளங்களில் கடல் ஏறிவிட்டது. பின்னால் புறப்பட்ட தோணிகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. எங்கள் தோணி வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீடுகளில் நட்சத்திரம் கட்டவில்லை.

பிறகு மணப்பாட்டுப் பக்கம் கரை ஒதுங்கியது என்று ஒரு பாய்மரத்தை மாட்டு வண்டியில் கொண்டுவந்து முதலாளியின் சரக்குக் கிட்டங்கி முன்னால் போட்டார்கள். எங்கள் தோணியின் மரம்தான். உச்சியில் தண்டல் கட்டியிருந்த சின்னச் சிலுவை அப்படியே இருந்தது. அடிப்பாகத்தில் கோடாலி வெட்டு.

வயதான தோணிக்காரர்கள் அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்கள். புயலில் தோணி கவிழப் போகிறது என்றால்தான் மரத்தை வெட்டிப் பாயோடு கடலில் தள்ளுவார்கள். வேறு ஒரு வழியும் இல்லாதபோது செய்கிற வேலை அது. "மரத்த வெட்டியிருக்காகன்னா கடைசிக் கட்டம்தான். அந்தக் காத்துல மொட்டைத் தோணி நிக்காது" என்றார் ஒருவர்.

அக்காவும் வந்து பார்த்தாள். குனிந்து வெட்டில் விரலை வைத்தாள். "வெட்டும்போது உசுரோட இருந்திருக்காக" என்றாள்.

"அதுக்குப் பொறவு?" என்று கேட்டாள் என் மாமி. அவள் பெற்ற பிள்ளை அல்லவா போனது.

"தெரியாது மாமி."

கிறிஸ்துமஸ் கழிந்து வருகிற மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்ததும், முதலாளியும் ஊர்ப் பெரியவர்களும் கூடிப் பேசி இறந்தோர் பூசைக்கு ஏற்பாடு செய்தார்கள். உடல் கிடைக்காதவர்களுக்கு எங்கள் பக்கம் தூம்பா வைப்பார்கள். பிணப்பெட்டி போல மரச்சட்டம் கட்டி, கறுப்புத் துணி போர்த்தி, சுற்றிலும் மெழுகுதிரி வைத்து, உள்ளே உடல் இருப்பதாகவே நினைத்து எல்லா மந்திரமும் சொல்லுவார்கள். அது முடிந்த பிறகுதான் பெண்கள் தாலி கழற்ற வேண்டும், வெள்ளை உடுத்த வேண்டும். ஆறு வீடுகளில் சம்மதித்தார்கள். நானும் சம்மதித்தேன் என்று சொல்லுவதற்கில்லை. என்னை யாரும் கேட்கவில்லை. அழுது அழுது எனக்கும் சுயபுத்தி இல்லை.

அக்கா மட்டும் முடியாது என்றுவிட்டாள்.

எங்கள் பங்குச் சாமியார் நல்ல மனிதர். அவரே அவள் வீட்டுக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"மகளே, விசுவாசம்னா நடக்காததப் புடிச்சுக்கிட்டு நிக்கிறது இல்ல. ஆண்டவருடைய சித்தத்துக்குக் கீழ்ப்படியிறதும் விசுவாசம்தான்."

"கீழ்ப்படியுதேன் சாமி. அவரு சித்தம் இன்னதுன்னு எனக்கு இன்னும் தெரியலயே. அவுக இருக்காகன்னு நான் சொல்லல. செத்துட்டாகன்னும் சொல்லல. தெரியாதத, தெரிஞ்ச மாதிரி பீடத்துக்கு முன்னால வந்து நான் எப்படிச் சாமி சொல்லுவேன்?"

சாமியார் எழுந்துவிட்டார். போகும்போது அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

பூசையில் ஆறு பேருடைய பெயரை வாசித்தார்கள். தண்டலின் பெயரை வாசிக்கவில்லை. அன்றைக்குச் சாயந்தரம் என் தாலியை மாமி கழற்றி மாதா காலடியில் காணிக்கையாக வைத்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு தெருவில் அக்காவுக்கு மரியாதை போயிற்று. அவள் கழுத்தில் தாலியோடும் சாயச் சேலையோடும் தண்ணீருக்கு வரும்போது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். என் மாமிதான் அதிகம் பேசினாள். "எங்க பிள்ளைகளெல்லாம் செத்துட்டு, இவ புருசன் மட்டும் கடல் மேல கட்டில் போட்டுப் படுத்திருக்கானாக்கும்! இவளுக்குன்னு தனியா பரலோகத்துல இருந்து தந்தி வந்துட்டோ?" இவள் இப்படி இழுத்துப் பிடிப்பதால்தான் செத்தவர்களின் ஆத்துமா இளைப்பாறாமல் அலைகிறது என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

அக்கா குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "பேசுங்க மாமி. பேசினா கொஞ்சம் ஆறும்" என்று மட்டும் சொன்னாள். விடிகிற நேரத்துப் பூசைக்கு ஒருநாள் தவறாமல் போனாள். வழக்கம் போலக் கடைசி வரிசை. அவள் மெலிந்து, கன்னம் ஒட்டிப் போய்விட்டாள். நம்பிக்கையோடு காத்திருக்கிறவர்கள் முகம் பிரகாசமாக இருக்கும் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் பார்த்த முகம் அப்படி இல்லை.

ஈஸ்டருக்கு முந்திய தவசு காலத்தில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம், முதலாளி வீட்டுக் கணக்கப்பிள்ளை வெயிலில் ஓடி வந்தார். கையில் தந்தி. "ஏளா, தோணி ஆட்கள் கொச்சியில இருக்காகளாம்! சுகமா இருக்காகளாம்! நாளைக்கு ரயில்ல வாராக!" அவ்வளவுதான் தந்தியில் இருந்தது. தெருவே கத்தியது. என் மாமி மண்ணில் விழுந்து புரண்டாள். அப்புறம் எழுந்து ஓடி வந்து என் வெள்ளைச் சேலையைப் பிடித்து இழுத்து, பெட்டியைத் திறந்து என் கல்யாணச் சேலையை என் மேல் சுற்றினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியாது.

நான் அக்கா வீட்டுக்கு ஓடினேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்குத்தான் அவள் கண்ணீரைப் பார்த்தேன். "கண்ணால பாத்தியா?" என்று அவள் என்னைக் கேட்கவில்லை.

மறுநாள் ஆட்கள் மணியாச்சியில் ரயில் மாறி வந்து சேர மத்தியானமாகிவிட்டது. நாங்கள் தெருமுனையில் நின்றோம். அக்காவை மட்டும் காணோம். குதிரை வண்டிகளில் இருந்து அவர்கள் இறங்கினார்கள். கறுத்து, எலும்பாகி, அடையாளம் தெரியவில்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் வெறுங்கழுத்தைப் பார்த்தார். பிறகு அவர் மூக்கு எதையோ பிடித்தது போல முகம் திரும்பியது. தெருவெல்லாம் மீன் குழம்பு வாசம்.

"யாரு வீட்டுலளா குழம்பு கொதிக்குது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அக்கா வீட்டுல."

அவர் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். முகம் முகமாகப் பார்த்தாள். திரும்பவும் முதலில் இருந்து பார்த்தாள்.

"எங்கலே உங்க தண்டல்?"

என் வீட்டுக்காரர்தான் சொன்னார். மரத்தை வெட்டியபோது அது சாய்ந்த வேகத்தில் தண்டலின் விலாவில் அடித்துவிட்டது. அப்போதும் அவர் சுக்கானை விடவில்லை. புயல் ஓய்ந்த பிறகு காற்றும் நீரோட்டமும் தோணியை மேற்கே, தெற்கே என்று கொண்டுபோயிற்று. படுத்தபடியே, "இருங்கலே, காத்து மாறும், இருங்கலே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு விடியற்காலையில் போய்விட்டார். பாய்த்துணியில் சுற்றி, தெரிந்த செபங்களைச் சொல்லிக் கடலில் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் மாலத்தீவுப் பக்கம் ஒரு தீவு தெரிந்தது. கப்பல் எதுவும் வராத தீவு. அங்கே காய்ச்சலில் கிடந்து, படகு கிடைத்து, கொச்சி வந்து சேர இத்தனை காலமாகிவிட்டது.

பெயர் வாசித்துத் தூம்பா வைத்த ஆறு பேரும் உயிரோடு எங்கள் முன்னால் நின்றார்கள். வாசிக்காத ஒரு பெயருக்கு உரியவர் அந்தப் பூசைக்கு முன்பே போய்விட்டிருந்தார்.

அக்கா ஒன்று கேட்டாள். "தண்ணி குடுத்தீகளா?"

"கடைசி வரைக்கும் குடுத்தோம்க்கா. எங்களுக்கு இல்லாட்டாலும் அவருக்குக் குடுத்தோம். அவரு பாதியத் திருப்பித் தந்துருவாரு."

"ம்" என்றாள். கையை மறுபடியும் சேலையில் துடைத்தாள். பிறகு, "உள்ள வாங்க. ஆக்கிட்டேன். உக்காருங்கலே" என்றாள்.

ஆறு பேரும் உள்ளே போனார்கள். போகமாட்டேன் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை. அவளே இலை போட்டாள், அவளே பரிமாறினாள். அவர்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே அழுதார்கள். அழுதுகொண்டே சாப்பிட்டார்கள், அத்தனை பசி. நான் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அகப்பையைச் சட்டியில் விட்டவள் அப்படியே நின்று, "இன்னைக்கு ஒரு நாளு முந்திட்டேன்" என்றாள். என்னிடம் சொன்னது போல இல்லை.

மறுநாள் இன்னொரு பிரச்சினை வந்தது. தாலி கழற்றின ஆறு பெண்களை என்ன செய்வது? இப்படி ஒன்று ஊரில் நடந்ததே இல்லை. கோயிலில் வைத்து மறுபடி தாலி கட்ட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். தவசு காலத்தில் கல்யாணம் கூடாதே, அப்படியானால் பாஸ்கா வரைக்கும் பெண்கள் தாய் வீட்டில் இருக்கட்டும் என்றார் ஒருவர். சாமியார் முதலில் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாமதான் தப்பா நினைச்சுட்டோம். கல்யாணம் முறியலையே. தாலிய எடுத்துப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார்.

எடுத்துப் போட என்னிடம் தாலி எங்கே? மாதாவுக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக் கூடாது. புதிதாகச் செய்ய வழியும் இல்லை. மஞ்சள் கயிற்றில் மாதா சுரூபம் ஒன்றைக் கோத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தபோது அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வெள்ளை உடுத்தியிருந்தாள். உள்ளங்கையில் அவளுடைய தாலி, சின்னச் சிலுவை பதித்தது.

என் மாமி பின்வாங்கினாள். "ஏளா, தாலி அறுத்தவ தாலிய..."

"அறுக்கல மாமி. நானே கழட்டிக் கொண்டாந்தேன். உங்க பிள்ளைக்கும் வேண்டித்தான் இதப் புடிச்சுக்கிட்டு நின்னேன், அவுகளுக்கு மட்டும் இல்ல. வேண்டாம்னா வச்சிட்டுப் போறேன்."

கடல் மேல் கட்டில் போட்டுப் படுத்திருக்கிறானா என்று கேட்ட என் மாமி, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமியாரிடம் மந்திரித்து வாங்கிவந்து என் வீட்டுக்காரர் என் கழுத்தில் போட்டார். அபசகுனம் என்று சிலர் சொன்னார்கள். இதோ, இதை எழுதும்போதும் அது என் கழுத்தில் கிடக்கிறது.

அதே வாரம் அக்கா தானே போய்ச் சாமியாரிடம், "இப்பத் தெரியும் சாமி. தூம்பா வைங்க" என்றாள். அதே மரச்சட்டம், அதே கறுப்புத் துணி. ஆறு பேரும் மெழுகுதிரி பிடித்துச் சுற்றிலும் நின்றார்கள்.

நான் ஒருநாள் அவளைத் தேற்றுவதாக நினைத்து, "உங்க செபந்தான்க்கா இவுகளக் கொண்டாந்து சேத்துச்சு" என்றேன்.

"அப்படிச் சொல்லாதளா" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அப்போ அவுக வராததுக்கு என் செபம் பத்தலன்னு ஆயிரும்."

அதற்குப் பிறகு அவள் ஜெபம் சொல்லி நான் கேட்கவில்லை. பூசைக்கு வருவாள். உதடு அசையாது. பாட மாட்டாள். ஜெபமாலை கையில் இருக்கும், மணி நகராது. எனக்குப் பயமாக இருந்தது. அவளே விசுவாசத்தை விட்டுவிட்டால் நாங்கள் எல்லாம் எங்கே நிற்பது? கேட்டுவிட்டேன்.

"ஆண்டவர் மேல கோவமாக்கா?"

"புருசனும் பொஞ்சாதியும் ஒரே வீட்டுல பேசாம இருக்கது இல்லையா? அது மாதிரின்னு வச்சுக்கோ. வீட்ட விட்டு நான் எங்கயும் போகல. அவரும் போகல. பேசிக்கல, அவ்வளவுதான்."

"எப்பக்கா பேசுவீக?"

"தெரியாதுளா."

அப்படியே மழைக்காலம் போயிற்று, இன்னொரு கோடையும் போயிற்று. தீவில் விட்டு வந்த தோணியை முதலாளி ஆள் அனுப்பி இழுத்து வரச் செய்து, அதற்குப் புது மரம் நாட்டினார். என் வீட்டுக்காரருக்குத் தோணியை விட்டால் வேறு தொழில் தெரியாது. என் வயிற்றில் பிள்ளை வேறு. போகாதீர்கள் என்று காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "போகாட்டா என்னத்தத் திங்கது?" என்று அவரும் அழுதார்.

புறப்படுகிற அன்று காலை கரையில் எல்லோரும் நின்றோம். புதுத் தண்டலின் மனைவி சின்னப் பெண். செபத்தைத் தொடங்க வேண்டியவள் அவள்தான். வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. இரண்டு தடவை தொடங்கினாள், இரண்டு தடவையும் நின்றுவிட்டது. தோணியில் ஆட்கள் நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். செபம் முடியாமல் தூக்க முடியாது.

அக்கா பின்னால், மணல்மேட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன். எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது?

அவள் இறங்கி வந்தாள். எங்களைத் தாண்டி, முட்டளவு தண்ணீரில் போய் நின்றாள். அந்தச் சின்னப் பெண்ணின் கையை ஒரு கையிலும் என் கையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டாள். நான் காதோடு கேட்டேன். "வந்துருவாகளாக்கா?"

"தெரியாதுளா" என்றாள். "கேப்போம்."

தொடங்கினாள். பேசி எத்தனையோ காலம் ஆனவரோடு பேசுவது போல, குரல் கம்மி, முதல் வார்த்தையே உடைந்தது. நின்றாள். அலை வந்து எங்கள் முட்டில் அடித்துப் போயிற்று. மறுபடியும் தொடங்கினாள். இந்தத் தடவை தோணி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நாங்கள் மறுபாதியைச் சொன்னோம்.

அந்த நடையில் தோணி குறித்த நாளுக்குப் பிந்தித்தான் வந்தது. தீவுக்கு அந்தப் பக்கம் பாய் தெரிகிறது என்று காலையில் சத்தம் கேட்டது. தெருவில் அம்மிகள் ஓடத் தொடங்கின. நான் அம்மியைத் தொடவில்லை. கரைக்குப் போய், என் வீட்டுக்காரர் தண்ணீரில் குதித்து நடந்து வருகிறவரைக்கும் நின்று பார்த்துவிட்டு, நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

"வந்துட்டாகக்கா."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். "கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்க்கா. எல்லாரையும் பாத்தேன்."

"சரி" என்று எழுந்தாள். அவர் போன சேதி வந்த நாளில் இருந்து சும்மா கிடந்த அம்மியைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். என்னைச் சுவரோரம் உட்காரச் சொல்லிவிட்டு, என் வீட்டுக்காரருக்காக மிளகாய் எடுத்து வைத்து அரைக்கத் தொடங்கினாள்.